குடத்துக்கும் கொடுங்கைக்கும் ஒரே கணக்கு



எங்கள் ஆவுடையார்கோவில் பிள்ளைகளுக்கு 'வேலை' பாடத்தைத் தண்ணீர்க் குடத்தில்தான் தொடங்குவேன். 15 லிட்டர் தண்ணீர் 15 கிலோகிராம். தரையிலிருந்து 1 மீட்டர் தூக்கி இடுப்பில் வைத்தால் 15 × 9.8 × 1 = 147 ஜூல். அதையே சமதரையில் அரை கிலோமீட்டர் சுமந்து நடந்தால்? உயரம் மாறவில்லை, ஈர்ப்புக்கு எதிரான வேலை சுழி. இங்கேதான் தண்ணீர் சுமக்கும் பிள்ளைகள் முறைப்பார்கள். "அப்ப இடுப்பு ஏன் டீச்சர் வலிக்குது?"

நியாயமான கேள்வி. சூத்திரத்தைக் காட்டி அடக்கிவிடாதீர்கள். குடத்தைத் தாங்கியிருக்கவே தசைகள் ஓயாமல் உணவின் ஆற்றலைச் செலவழிக்கின்றன. அது குடத்தில் சேராமல் உடம்பில் வெப்பமாகிறது. புத்தகத்து 'வேலை' குடத்தின் கணக்கு, பிள்ளையின் உழைப்புக் கணக்கு அல்ல. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் வரும் தொல்லை இது.

பிறகு ஆத்மநாதசுவாமி கோயிலுக்கு அழைத்துப் போவேன். மரவேலை போலவே செதுக்கிய கொடுங்கை. ஆனால் அத்தனையும் கருங்கல். ஒரு கனமீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2,700 கிலோகிராம். அதை 5 மீட்டர் ஏற்ற 1,32,300 ஜூல். அதாவது 900 குடம் தூக்கிய வேலை! சாய்தளத்தில் இழுத்தாலும் இது குறையாது. விசை குறையும், தூரம் கூடும், உராய்வு வேறு தன் பங்கைத் தின்னும்.

போகும்போது அளவுநாடா கொண்டுபோங்கள். நீள அகலத்தைப் பிள்ளைகளே அளக்கட்டும்.