உங்கள் அறைக்கு வரப்போகும் பெற்றோர்



2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழ முடிவெடுத்துச் சென்னைக்கு வந்தார்கள். வீட்டார் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க, பெண்கள் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றப் படியேறினார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தன்பால் ஈர்ப்பு தமக்குப் பிடிபடாத விஷயம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான் ஜூன் 7 அன்று உத்தரவு வந்தது. தீர்ப்பு சொல்லும் இடத்தில் இருப்பவர் பாடம் கேட்க உட்கார்ந்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த உத்தரவில், இன்று பட்டம் பெறும் உங்களையும் சேர்த்து, மருத்துவர்களாகிய நமக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒருவரின் பாலீர்ப்பைச் சிகிச்சையால் மாற்ற முயலக்கூடாது. மீறினால் மருத்துவ உரிமமே போகலாம். மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அப்படி மாற்ற முயல்வதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. உலக சுகாதார நிறுவனம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1990இல். அதன் பிறகும் வெகுகாலம் நம் தடயவியல் மருத்துவப் பாடநூல்கள் அதைக் குற்றங்களோடு சேர்த்தே அச்சிட்டு வந்தன. என் தலைமுறை மருத்துவர்கள் அதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினோம்.

சென்னையில் 2009 முதல் வானவில் பேரணி நடக்கிறது. தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடி 2018இல் தளர்ந்தது. ஆனால் பேரணி முடிந்து போகும் பிள்ளைக்கு வீடு இருக்கிறது. அந்த வீட்டின் கதவு எப்படித் திறக்கும் என்பது பல சமயம் ஒரு மருத்துவரின் வாய்ச்சொல்லில் இருக்கிறது.

ஒரு நாள் அப்படியொரு குடும்பம் உங்கள் அறைக்கு வரும். அப்பா ஃபைலை மேசையில் வைப்பார். “ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்? எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை” என்பார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார். பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்து உங்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பெற்றோரும் கொடியவர்கள் அல்ல. ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற பயத்தில் தூக்கம் கெட்டவர்கள். முதலில் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். அவன் சொன்னதில் எதைப் பெற்றோரிடம் சொல்லலாம் என்று அவனிடமே கேளுங்கள். அடி விழுகிறதா, சாகத் தோன்றுகிறதா என்று கூச்சப்படாமல் விசாரியுங்கள். அங்கேதான் உங்கள் மருத்துவம் தேவைப்படும். அப்புறம் பெற்றோரிடம், “இது நோயில்லை, எந்த டெஸ்டும் வேண்டாம்” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் மறுத்துவிட்டது. அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நிற்கும் இணையரிடம் ‘நீங்க யாரு?’ என்ற கேள்வி விழும். நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலை இணையர் பெற்றுக்கொள்ளலாம் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2024இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே அவரை உள்ளே விட, பணியில் இருக்கும் மருத்துவர் மனம் வைத்தால் போதும்.

கடைசியாக, இது நோயில்லை என்று நீங்கள் சொன்னதும் உங்கள் அறைக்கு வந்த அந்தப் பெற்றோர் கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம். விட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் வரச் சொல்லி, நேரம் குறித்துக் கொடுத்து அனுப்புங்கள்.