வெண்குருதிக் கலமும் முட்டு வருத்தமும்

(நூற்றாண்டு விழா விஞ்ஞான அமர்வில் ஆற்றிய உரை)



எங்கள் உயர்தர வகுப்பில் ஒருத்திக்கு முட்டு வருத்தம் இருந்தது. மார்கழிப் பனி தொடங்கினால் காலைக் கூட்டத்துக்கு வரமாட்டாள். கள்ளம் பண்ணுகிறாள் என்றே நாங்கள் நினைத்தோம். முன்வரிசையில் இருக்கும் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறோம்.

மூச்சுக்குழாயை நெரிப்பது எது? 1938இல் மெல்பேணில் பெல்ட்பேர்க்கும் கெல்லவேயும் நாகபாம்பின் நஞ்சைக் கினிப்பன்றியின் நுரையீரலிற் செலுத்தியபோது, தசையை மெதுவாகவும் நெடுநேரமும் சுருக்கும் ஒரு பொருள் வெளிவரக் கண்டனர். அது இன்னதென்று அறிய நாற்பது ஆண்டு சென்றது. சுவீடனின் சாமுவேல்சன் குழுவினர் 1979இல் இட்ட பெயர் லியூக்கோட்ரையீன். வெண்குருதிக் கலத்தில் பிறப்பதாலும், அடுத்தடுத்து மூன்று இரட்டைப் பிணைப்புகள் இருப்பதாலும் அந்தப் பெயர்.

வெண்குருதிக் கலம் இதைச் சேமித்து வைத்திருப்பதில்லை. தூண்டப்பட்டதும் கலத்துள் கல்சியம் உயரும். ஒரு நொதியம் கலத்தின் மென்சவ்வுகளிலிருந்து இருபது காபன் கொண்ட அரக்கிடோனிக் அமிலத்தை வெட்டி எடுக்கும். கள்வனுக்கு எறியச் சொந்த மதிலிலேயே கல் பெயர்ப்பதுபோல! 5-லிப்பொக்சிஜனேஸ் என்னும் நொதியம் அதனுடன் ஒட்சிசனைச் சேர்க்கும். பிறகு கலத்துக்குக் கலம் வழி பிரிகிறது. நடுநிலைநாடி ஆக்கும் பி4 மற்றைய வெண்கலங்களைக் கூவி அழைக்கும். இயோசினோநாடியும் இழையங்களிலுள்ள மாஸ்ற் கலமும் ஆக்கும் சி4, அதிலிருந்து வரும் டி4, ஈ4 என்பன மூச்சுக்குழாயை இறுக்கி, வீங்கச் செய்து, சளியைப் பெருக்கும்.

இனி, எங்கள் வயதுக்காரருக்கு வேண்டிய செய்தி. போன வருடம் அந்தத் தோழி முழங்கால் நோவுக்கு அஸ்பிரின் போட்டாள். ஒரு மணித்தியாலத்துக்குள் மூச்சு முட்டி, இரவோடிரவாக ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அஸ்பிரின், அதே அமிலத்திலிருந்து புரொஸ்டகிளாண்டின் ஆக்கும் மற்ற வழியை அடைக்கிறது. லியூக்கோட்ரையீனுக்குக் கடிவாளமாக இருந்த புரொஸ்டகிளாண்டின் குறைய, லியூக்கோட்ரையீன் பெருகுகிறது. முட்டுள்ள எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை, சிலருக்கே. மூக்கினுள் சதை வளர்ந்தவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு இபுபுரோபன், டைக்குளோபெனக் குளிசைகளும் ஆகாமற் போகலாம்.

மொன்ரிலுகாஸ்ற் குளிசை, டி4 வந்து பிடிக்கும் இடத்தை மறிக்கும். ஆனால் திடீரென முட்டு எழும்பும்போது அது உதவாது. உடனே மூச்சைத் திறக்கும் இன்ஹேலர்தான் வேண்டும். தோழியின் கைப்பையில் இப்போது அதுவும், "அஸ்பிரின் ஒவ்வாது" என்று எழுதிய ஒரு துண்டும் இருக்கின்றன. துண்டை எழுதிக் கொடுத்தது நாங்கள்தான்.