காயம் ஆறிய பிறகும் வலிக்கும்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தும்போது, சூடான பாத்திரத்தைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்ளும் அனிச்சைச் செயலோடு வலியைப் பற்றிய பேச்சை முடித்துவிடுவேன். அது போதாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவன் ஒரு மாணவன்.

கண்ணாடி உடைந்து அவன் மணிக்கட்டில் வெட்டியிருந்தது. தையல் பிரித்து, தழும்பும் காய்ந்துவிட்டது. நான்கு மாதம் கழித்தும் எழுத மறுத்தான். முழுக்கைச் சட்டை உரசினாலே துடித்தான். "காயம்தான் ஆறிடுச்சே, இன்னும் என்னடா நடிப்பு?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். "நரம்பு அறுபட்டதால வர்ற வலின்னு டாக்டர் சொன்னாரு சார்" என்றார் அவன் அம்மா. அன்றுதான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

வலியைக் கொண்டுவரும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் பின்பகுதியில் அடுத்த நியூரானிடம் செய்தியை ஒப்படைக்கின்றன. அங்கே குளூட்டமேட்டுடன் நியூரோபெப்டைடுகளும் வெளிப்படுகின்றன. இவை அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள். 1931இல் ஆய்லரும் கேடமும் கண்டறிந்த 'சப்ஸ்டன்ஸ் பி' அவற்றில் ஒன்று. 11 அமினோ அமிலங்கள் கொண்டது. அது வலிச் செய்தியை வலுப்படுத்தும். என்கெஃபலின் என்னும் மற்றொரு பெப்டைடு தணிக்கும்.

நரம்பு அறுபட்டால் இந்தக் கணக்கு மாறுகிறது. எலிகளில் பார்த்தபோது, அறுபட்ட வலி நரம்பிழைகளில் சப்ஸ்டன்ஸ் பி குறைந்தது. கேலனின், நியூரோபெப்டைடு ஒய் ஆகியவை பெருகின. அப்படியானால் வலி குறைய வேண்டுமே? குறைவதில்லை. தண்டுவட நியூரான்கள் மிகையாகக் கிளர்ச்சியடைகின்றன. அவற்றை அடக்கும் செயல் தளர்கிறது. வெறும் தொடுகையும் வலியாகப் போய்ச் சேர்கிறது. சட்டை உரசல் அவனுக்கு வலித்தது இதனால்தான்.

சப்ஸ்டன்ஸ் பி-யின் ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் மனிதரிடம் வலி நிவாரணியாகப் பலன் தரவில்லை. அவற்றுள் ஒன்றான அப்ரெபிடன்ட், புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியைத் தடுக்கப் பயன்படுகிறது. ஒரு வேதிப்பொருளை அடைத்தால் தீர்ந்துவிடும் வலி அல்ல இது.

அவனிடம் வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன். எழுத்துக்குப் பதில் வாய்மொழியாகப் பாடம் ஒப்பிக்கச் சொன்னேன். வரத் தொடங்கினான்.

தழும்பு நம் கண்ணுக்குத் தெரியும். தண்டுவடத்தில் நடப்பது தெரியாது. அதனால், பிள்ளை வலிக்கிறது என்றால் முதலில் நம்புவோம்.