காடும் வெயிலும்: கணக்கில் சேராத வரவு



மரம் நட்டால் பூமி குளிரும் என்பது பொதுவான நம்பிக்கை. எங்கும் அது பொருந்துவதன்று. புதிதாகப் பெய்த பனி, தன்மீது விழும் கதிரொளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. அந்நிலத்தில் ஊசியிலைக் காடு எழுந்தால், கருநிறக் கிளைகள் பனியை மறைத்து வெப்பத்தை ஈர்த்துக்கொள்கின்றன. 1992-இல் கோர்டன் போனன் குழுவினர், தட்பவெப்பக் கணினி மாதிரியில் வடகோடிக் காடுகளை அகற்றிக் கணக்கிட்டபோது அப்பகுதி குளிர்ந்தது. அங்குப் புதிதாகக் காடு வளர்த்துக் கரியமில வாயுவைக் குறைப்பதால் கிட்டும் நன்மையை, இவ்வெப்ப ஈர்ப்பு பல இடங்களில் ஈடழித்துவிடக்கூடும் என்று 2000-இல் ரிச்சர்டு பெட்ஸ் காட்டினார்.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் நிலை வேறு. இங்கு மறைப்பதற்குப் பனி இல்லை. ஆண்டு மழையோ ஏறத்தாழ 3,000 மி.மீ. பசுமைமாறாக் காடு ஒளியை ஈர்ப்பினும், வேர் உறிஞ்சிய நீரை இலைவழி ஆவியாக்கி நிலத்தைக் குளிர்விக்கிறது. கரிமத்தையும் சேமித்து வைக்கிறது.

பெரிய நிக்கோபாரில் சுமார் 130 சதுர கி.மீ. காட்டு நிலத்தை வளர்ச்சித் திட்டத்திற்கு ஒதுக்க 2022-இல் கொள்கையளவில் ஒப்புதல் தரப்பட்டது. ஈட்டு மரநடவுக்கு அரியானா தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கு மழை குறைவு. வெளிறிய வறள்நிலம் தானே ஒளியைத் திருப்புவது. மரங்கள் அங்கும் தேவையே. ஆயினும் பரப்பளவு ஈடாகலாம், குளிர்ச்சி ஈடாகாது.

ஆகவே காட்டின் மதிப்பை அளக்கையில் பரப்பையும் கரிமத்தையும் மட்டுமன்றி, ஒளிதிருப்பும் திறனையும் நீராவியையும் ஏட்டில் ஏற்றுவோமாக. வரவை விட்டெழுதிய கணக்கில் இழப்பும் தெரியாது.