ஓடும் பிள்ளைக்கு ஒரு முட்டை
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேரப்பிள்ளைகள் பரிசு வாங்குவதைக் கண்ணாரக் காண நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கடல் தாண்டி வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, கண்மணிகளான மாணவச் செல்வங்களே!

இன்று படிப்புக்கும் பரிசு உண்டு, ஓட்டத்துக்கும் பரிசு உண்டு. படிப்பைப் பற்றிப் பேச இங்கே பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே நான் ஓட்டத்தைப் பற்றி, அதிலும் ஓடுகிற பிள்ளையின் தட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச அனுமதி கேட்கிறேன். என் தலைப்பு மிகச் சிறியது: முட்டை.

சிரிக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் முட்டை என்றால் அது பரீட்சையில் வாங்கும் மதிப்பெண். அதற்குப் பயந்தே பரீட்சை நாளில் பிள்ளைக்கு முட்டை கொடுக்காத தாய்மார்கள் நம்மில் உண்டு! நான் பேச வந்தது அந்த முட்டையைப் பற்றி அல்ல. கோழி இடுகிற முட்டையைப் பற்றி. விளையாட்டு வீரனுக்கு, வீராங்கனைக்கு அது தேவையா, இல்லையா?

முதலில் ஓர் ஓட்டப் பந்தயத்தை நினைவுபடுத்துகிறேன். 1984ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம். கேரளத்துப் பெண் பி.டி. உஷா 55.42 வினாடியில் ஓடி முடித்தார். மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. நூற்றில் ஒரு பங்கு வினாடி! கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. பதக்கம் போய்விட்டது. பல ஆண்டுகள் கழித்து உஷாவே சொன்னார்: வீரர்கள் தங்கும் இடத்தில் கிடைத்த உணவு ஒத்துவரவில்லை; அரிசிக் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும்தான் சாப்பாடு; கடைசி 35 மீட்டரில் உடம்பில் தெம்பு நிற்கவில்லை.

கஞ்சியும் ஊறுகாயும் நமக்குப் புதிதா? விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் முன் நம் பாட்டன் பாட்டிமார் குடித்துவிட்டுப் போனதும் அதுதானே. உஷா ஒரு முட்டை தின்றிருந்தால் பதக்கம் வாங்கியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. பல வருடப் பயிற்சியும் தட்டில் கவனம் இல்லாவிட்டால் கடைசி அடியில் கைவிட்டுவிடும் என்பதைத்தான் சொல்கிறேன்.

கஞ்சி கெட்ட உணவு அல்ல, தோழர்களே. அடுப்பு எரிய விறகு வேண்டும். சுவர் எழுப்பச் செங்கல் வேண்டும். சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாம் விறகு. ஓடும்போது எரிந்து சக்தி கொடுக்கும். ஆனால் ஓடி முடித்த பிள்ளையின் தசைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு தேய்மானங்கள் உண்டாகின்றன. அவற்றைப் பழுது பார்த்து, முன்னைவிட உறுதியாகக் கட்டுவது புரதம். அதுதான் செங்கல். விறகை அடுக்கிச் சுவர் எழுப்ப முடியாது.

நடுத்தர அளவுள்ள ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. நம் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத 9 அமினோ அமிலங்களும் அதில் சரியான அளவில் இருக்கின்றன. வைட்டமின் ஏ, டி, பி12 ஆகியவையும் உண்டு. இத்தனைக்கும் அது தருவது 70 கலோரி அளவுதான். இறைச்சியைவிட மலிவு. அவிக்கத் தெரிந்தால் போதும், பெரிய சமையல் வேண்டாம்.

ஆனால் முட்டை ஒன்றே போதும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். பயிற்சி செய்யும் வீரருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2016இல் அமெரிக்க, கனடிய நிபுணர்கள் சேர்ந்து அறிவித்தார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 60 கிராம். ஒரு முட்டை தருவதோ 6. மிச்சத்தைப் பருப்பு, மீன், நெத்திலி, கோழி, பால், தயிர், கடலை, தெம்பே எல்லாம் சேர்ந்துதான் தரவேண்டும். முட்டை ஒரு நல்ல ஆட்டக்காரர். ஆனால் தனியாக நின்று கோல் போட முடியாது.

இனி, வீட்டில் நாம் கேட்கிற பேச்சுகளுக்கு வருகிறேன்.

“முட்டை சூடுங்க, பிள்ளைக்கு ஆகாது” என்பது ஒன்று. நல்ல உடம்புள்ள பிள்ளைக்கு முட்டையால் சூடு வந்து கெடுதல் உண்டாகும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. ஆனால் சில பிள்ளைகளுக்கு முட்டை ஒவ்வாமை உண்மையாகவே உண்டு. தின்றவுடன் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் அந்தப் பிள்ளைக்கு முட்டை வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

“முட்டை தின்றால் கொலஸ்ட்ரால் ஏறும், மாரடைப்பு வரும்” என்பது இன்னொன்று. இந்தப் பயம் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1968இல் அமெரிக்க இதயச் சங்கம், வாரத்தில் மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. ஒரு மஞ்சள் கருவில் 200 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மைதான். ஆனால் நம் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை நம் ஈரலே செய்துகொள்கிறது. அதைக் கூடுதலாக ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி 2015இல் பழைய 300 மில்லிகிராம் வரம்பை எடுத்துவிட்டது. அதே இதயச் சங்கம் 2019இல், உடல்நலம் உள்ளவர் நாளுக்கு ஒரு முழு முட்டை சாப்பிடலாம் என்று சொன்னது. நாசி லெமாக் பொட்டலத்தில் பயப்பட வேண்டியது ஓரத்தில் இருக்கும் அந்தக் கால் முட்டைக்கு அல்ல. தேங்காய்ப் பாலுக்கும் பொரித்த எண்ணெய்க்கும்தான்! ஆனால் இனிப்புநீர் உள்ள பெரியவர்களும், கொலஸ்ட்ராலுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் தங்கள் டாக்டரைக் கேட்டே நடக்க வேண்டும். நம் சமூகத்தில் இனிப்புநீர்க்காரர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது பேச்சு நம் இளைஞர்களுடையது. 1976இல் வந்த ‘ராக்கி’ படத்தில் கதாநாயகன் பச்சை முட்டைகளைக் கிளாசில் உடைத்து மடமடவென்று குடிப்பான். அதைப் பார்த்துவிட்டு இன்றும் குடிக்கிறார்கள். தம்பிமார்களே, அது வீண்! 1998இல் பெல்ஜியத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். வெந்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேர்ந்தது. பச்சை முட்டையில் பாதிதான் சேர்ந்தது. போதாக்குறைக்குப் பச்சை முட்டையில் சல்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பந்தயத்துக்கு முதல் நாள் வயிற்றுப்போக்கு வந்தால் ஓட்டம் கழிவறைக்குத்தான்! கோப்பிக்கடையில் மிளகுத்தூளும் கிச்சாப்பும் போட்டுச் சாப்பிடும் அரைவேக்காட்டு முட்டை நம் பினாங்குக்குப் பெருமைதான். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மஞ்சள் கரு கெட்டியாகும் வரை அவித்துக் கொடுங்கள்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள் மஞ்சள் கருவை எடுத்து எறிகிறார்கள். 2017இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பத்து இளைஞர்களுக்கு எடைப் பயிற்சி முடிந்ததும் ஒரு தடவை முழு முட்டையும், இன்னொரு தடவை வெள்ளைக் கரு மட்டும், புரத அளவு சமமாக, கொடுத்துப் பார்த்தார்கள். முழு முட்டை தின்றபோதுதான் தசையில் புரதம் அதிகமாகக் கட்டப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய முட்டையில் பாதியைக் குப்பையில் போடாதே என்று அது சொல்கிறது.

எப்போது கொடுப்பது? ஓடுவதற்குச் சற்று முன்பு வேண்டாம். முட்டை மெதுவாகச் செரிக்கும். பந்தயத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இட்லி, ரொட்டி, சோறு என்று இலேசாகக் கொடுங்கள். முட்டை பயிற்சி முடிந்தபின், அல்லது பள்ளி நாளில் காலைப் பசியாறலோடு. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

எதை வாங்குவது? கடையில் ஏ, பி, சி என்று தரம் போட்டிருக்கிறார்கள். அது எடைக் கணக்கு மட்டுமே. சி முட்டை கொஞ்சம் சிறியது, மட்டமானது அல்ல. ஓடு வெள்ளையா, பழுப்பா என்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது. கையில் இருக்கும் காசுக்கு எது கட்டுமோ அதை நிம்மதியாக வாங்குங்கள்.

முட்டை தொடாத சைவக் குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மனத்தை நோகடிக்க நான் வரவில்லை. சோற்றோடு பருப்பு, அவித்த கொண்டைக்கடலை, தெம்பே, தவ்பூ, பால், தயிர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் அவர்களும் குறைவில்லாமல் ஓடலாம். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1982இல் விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்தில் 1989இல் முட்டை சேர்ந்தது; 2010இல் அது வாரம் ஐந்து நாள் ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு அங்கே வாழைப்பழம் கொடுக்கிறார்கள். யாரையும் வற்புறுத்தாமல், யாரையும் வெறுங்கையோடு அனுப்பாமல் நடத்துகிறார்கள். அது நல்ல வழி.

கடைசியாக, நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது இதுதான். தோட்டத்து லயத்தில் அவித்த முட்டையை நூலால் அறுத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். கத்தி பட்டால் மஞ்சள் கரு உதிரும், யாருக்காவது குறைந்துபோகும் என்று நூல். அவ்வளவு நியாயமாக அறுத்தார்கள். ஆனால் பங்கு வைக்கும்போது? அப்பாவுக்கு ஒரு பாதி. “தம்பிக்கு வை, நாளைக்கு ஓடணும்ல” என்று மகனுக்கு ஒரு பாதி. மகளுக்குக் குழம்பு. அறுத்த அம்மாவுக்கு அந்த நூல்தான் மிச்சம்.

இன்று லயங்கள் குறைந்துவிட்டன, வீட்டில் முட்டைத் தட்டு இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் மாறிவிட்டதா? மகளும் அதே திடலில்தான் ஓடுகிறாள். அவளுக்கும் தசை இருக்கிறது, அதுவும் தேய்கிறது.

1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் மலேசியாவுக்காக மூன்று தங்கம் வாங்கிய மணி ஜெகதீசனை எல்லோரும் அறிவோம். ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. பிறகு டாக்டராகவும் ஆனார். அதே பேங்காக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய தாப்பா நகர்ப் பெண் இராஜமணியை எத்தனை வீட்டில் சொல்லிக் கொடுக்கிறோம்? இந்தப் பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட், ஸ்குவாஷில் எட்டு முறை உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றவர், பெண்தானே? அடுத்த இராஜமணி இன்று இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவள் தட்டில் குழம்பு மட்டும் இருந்தால் நாம் அவளைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: ஓடும் பிள்ளை ஆணோ பெண்ணோ, ஆளுக்கொரு முழு முட்டை, அம்மாவுக்கும் ஒன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் இன்னொரு வேண்டுகோள்: விலை உயர்ந்த சத்துமாவு டப்பா எதுவும் வேண்டாம். பயிற்சி நாள்களில் திடலில் நிற்கும் பிள்ளைகளுக்கு அவித்த முட்டையும், சைவப் பிள்ளைகளுக்கு அவித்த கடலையும் ஏற்பாடு செய்யுங்கள். ஒரு பெரிய பானையும் ஓர் அடுப்பும் போதும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்றார்கள் நம் பெரியோர். சித்திரம் எழுத நம் பிள்ளைகளுக்குத் தெரியும். சுவரை நாம் கட்டிக் கொடுப்போம். பரிசு பெற்ற செல்வங்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப் போகிறவர்களுக்கும் என் வாழ்த்துகள்.