ஆயிரம் சந்தாவில் வாழும் இதழ்



கைப்பேசிக் காலத்தில் அச்சிதழ்களுக்கு எதிர்காலம் உண்டா? இதுதான் இந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்டு. ஆனால் லட்சக்கணக்கில் விற்ற வார இதழ்களின் காலம் திரும்பி வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். இனிவரும் அச்சிதழ், சில நூறு பேர், மிஞ்சினால் சில ஆயிரம் பேர் கட்டும் சந்தாவில் நடக்கும். அப்படி நடத்துவது எப்படி என்பதைத் தமிழ் யாரிடமும் போய்க் கற்க வேண்டியதில்லை. நம் சிற்றிதழ்காரர்கள் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இன்றைய நிலவரத்தை மறைக்காமல் பேசுவோம். இந்தியா டுடேயின் தமிழ்ப் பதிப்பு 2015இல் நின்றது. 1941இல் பிறந்த கல்கி, 2020இல் அச்சை விட்டுவிட்டு இணையத்துக்குப் போனது. மங்கையர் மலரும் அதோடு போனது. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளைப் பாருங்கள். குறுக்கே கயிறு கட்டி, கிளிப் மாட்டி, வாராவாரம் புது அட்டைப்படங்கள் தொங்கிய இடத்தில் இன்று ஷாம்புப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பேருந்து நிலையங்களில் 'புத்தக நிலையம்' என்ற பலகை இன்னும் இருக்கிறது. உள்ளே தண்ணீர் பாட்டிலும் சார்ஜர் ஒயரும் விற்கிறார்கள். அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் வாடகை கட்ட வேண்டும்.

இந்தச் சரிவுக்குக் கைப்பேசிதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறோம். அது பாதிதான். இதழ் நடத்துவதன் கணக்கு வெளியே தெரியாது. வாசகர் கொடுக்கும் விலை பெரிய வார இதழ்களின் செலவுக்கு என்றைக்குமே போதியதில்லை. காகிதம், அச்சுக்கூலி, லாரி வாடகை, முகவர் கமிஷன், விற்காமல் திரும்பி வரும் ரிட்டர்ன் கட்டுகள், இவ்வளவையும் தாங்கியது விளம்பரப் பணம். சோப்பும் நகைக்கடையும் சேர்ந்து உங்கள் தொடர்கதைக்குப் பணம் கட்டின. அந்த விளம்பரம் முதலில் தொலைக்காட்சிக்குப் போனது. பிறகு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனது. காகித விலை ஏறியது. 2019இல் இறக்குமதிக் காகிதத்துக்குப் பத்து சதவீதச் சுங்க வரியும் போட்டார்கள். அடுத்த ஆண்டு அதை ஐந்தாகக் குறைத்தார்கள். அதற்குள் கொரோனா வந்துவிட்டது. கடை இல்லை, ரயில் இல்லை, பேருந்து இல்லை. விளம்பரத்தை ஊன்றுகோலாகப் பிடித்து நின்றவர்கள் கோல் போனதும் விழுந்தார்கள்.

சந்தாவில் நின்றவர்கள் தள்ளாடினார்கள், ஆனால் பலர் நிற்கிறார்கள்.

திரைக்கு நான் எதிரி இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். துணுக்கு, சினிமாச் செய்தி, சமையல் குறிப்பு, ராசிபலன் ஆகியவற்றுக்குக் கைப்பேசியே போதும். உண்மையில் அங்கே இன்னும் நன்றாகவே வருகின்றன. இலக்கியமும் இணையத்தில் தழைத்திருக்கிறது. மலேசியாவில் அச்சிதழாகத் தொடங்கிய வல்லினம் இணையத்துக்கு மாறி, உலகெங்கும் உள்ள தமிழர் படிக்கும் இதழாகிவிட்டது. அச்சுக்குக் காசில்லாத ஓர் இளைஞர் தன் முதல் கதையைப் பல நாட்டு வாசகர்களிடம் இன்று ஒரே இரவில் கொண்டுபோக முடிகிறது. அதை வரவேற்காமல் இருக்க முடியுமா?

பிறகு எதற்குக் காகிதம் என்று கேட்பீர்கள்.

கைப்பேசி நேற்று உங்களுக்குப் பிடித்ததையே இன்றும் எடுத்துத் தருகிறது. ஒரு நல்ல ஆசிரியர், நீங்கள் கேட்கவே தெரியாத ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். அதன் முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் 'பெட்டிக்கடை நாரணன்' கவிதையை மறுபிரசுரம் செய்தார். யாப்புக்குள் அடங்காத அந்தக் கவிதையைப் போடச் சொல்லி வாசகர் யாரும் கடிதம் எழுதியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதைப் படித்தவர்கள் எழுத உட்கார்ந்தார்கள். 1962இல் 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பே வந்தது. இருபத்துநான்கு பேருடைய கவிதைகள். புதுக்கவிதை என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு வாசல் திறந்தது ஓர் ஆசிரியரின் தேர்வு. 119 இதழ்கள் வந்து, 1970இல் எழுத்து நின்றது. கடைசிவரை அது லட்சம் பிரதியைக் கனவிலும் நினைக்கவில்லை. செல்லப்பா புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக நடந்தார். அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது, வாங்கிக்கொள்ள அவர் உயிரோடு இல்லை.

கடல் தாண்டிப் போவோம். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் தொழிலாளி. அந்தத் தொழிலுக்காகவும் சாதிக்காகவும் சிறுவயதிலிருந்தே அவமானப்படுத்தப்பட்டவர். அவர் 1966இல் 'மல்லிகை' என்று ஒரு மாத இதழ் தொடங்கினார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நின்று விற்றார். பேருந்து நிலையத்தில் விற்றார், பள்ளிக்கூட வாசலில் விற்றார், கூட்டம் நடக்கிற இடத்துக்கெல்லாம் போய் விற்றார். அட்டையில் நடிகையின் படம் கிடையாது. ஓர் எழுத்தாளர், ஓர் ஓவியர், ஓர் ஆசிரியர், இப்படி யாராவது ஒருவரின் முகம் இருக்கும். இனக்கலவரம் வந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. போர் வந்தது, இடப்பெயர்வு வந்தது. காகிதம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த ஆண்டுகள் உண்டு. மல்லிகை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இடம் மாறியது, நின்றுபோகவில்லை. நானூறு இதழ்களைத் தொட்டுவிட்டு 2012இல்தான் ஓய்ந்தது. ஜீவா 2021 ஜனவரியில் மறைந்தார். கைப்பேசி வந்ததால் இதழ் நடத்த முடியவில்லை என்று சொல்லும் நண்பர்களிடம் நான் மல்லிகையைத்தான் நினைவூட்டுகிறேன். மின்சாரமும் காகிதமும் அமைதியும் இல்லாத ஆண்டுகளைக் கடந்து ஓர் இதழ் நாற்பதாண்டு தாண்டி வந்தது, அதைத் தன்னுடையது என்று நினைத்த வாசகர்கள் இருந்ததால்.

இலக்கியக்காரர்களுக்குத்தான் இதெல்லாம் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். பள்ளிவிட்டு நேராக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்காகச் சொல்கிறேன். 1972இல் சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்' தொடங்கியது. அதில் வந்த இரும்புக்கை மாயாவியைப் பற்றி உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். பின்னர் 1984இல் 'லயன் காமிக்ஸ்' வந்தது. ஒருகாலத்தில் பெட்டிக்கடைதோறும் கிடைத்தவை அவை. கடைகள் கைவிட்டபோது அவையும் சுருங்கின. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி நல்ல தாளில், வண்ணத்தில் புதிதாக எழுந்து வந்தன. இன்று பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவையும் புத்தகக் காட்சிகளையும் நம்பியே நடக்கின்றன. முன்பணம் கட்டுகிறவர் எத்தனை பேர் என்று தெரிந்தால் எவ்வளவு அச்சடிப்பது என்பதும் தெரியும். ரிட்டர்ன் கட்டு கிடையாது. அச்சுத்தொழில் தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் இதன் அருமை உடனே விளங்கும். பதினாறு பக்கம் ஒரு பாரம். அந்தப் பாரத்துக்குத் தட்டு எடுக்கும் செலவு முந்நூறு பிரதிக்கும் ஒன்றுதான், மூவாயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். ஆகவே கூடுதலாக வரும் ஒவ்வொரு சந்தாவும் மற்ற எல்லாச் சந்தாதாரரின் சுமையையும் கொஞ்சம் குறைக்கிறது. நீங்கள் ஒருவர் கட்டும் பணம் உங்கள் பிரதிக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை.

இன்னொரு காரணம் எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. காகிதம் பலர் வீட்டில் தங்கும்.

1950 முதல் 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' வந்தது. எத்தனையோ வீடுகளில் பெண்கள் வாராவாரம் அந்தப் பக்கங்களைத் தனியே எடுத்துவைத்தார்கள். நடுவில் இருக்கும் கம்பிப் பின்னை நகத்தால் நிமிர்த்தி, தாள் கிழியாமல் உருவி, வரிசைப்படுத்தி, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ துணி ஒட்டித் தடித்த நூலால் தைத்து வாங்கினார்கள். மணியம் வரைந்த படங்கள் உள்ளே இருக்கும். சில தாள்களின் பின்பக்கம் பாதி விளம்பரம், பாதி வேறொரு கதையின் வால். அப்படி ஒரு தொகுதியைப் புரட்டினால் அந்தக் காலத்துத் தமிழ்நாடு என்ன விற்றது, எதைக் கண்டு பயந்தது, எதற்குச் சிரித்தது என்று சேர்ந்தே தெரிகிறது. தனிப் புத்தகமாக வரும் பதிப்பில் இது கிடையாது.

இதைவிடக் கனமான ஒரு கதை உண்டு. 1907இல் சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதன் பெயர் 'தமிழன்' என்று மாறியது. சாதியை, சமயத்தை, வரலாற்றை, மருத்துவத்தைப் பற்றி வாராவாரம் எழுதினார். 1914இல் அவர் இறந்தார். அதன்பின் பல்லாண்டுகள் தமிழ் அறிவுலகம் அவரை மறந்தது. பாடநூலில் இல்லை, மேடையில் இல்லை. ஆனால் அந்தப் பழுத்துப்போன இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது. அதன்பிறகு தமிழகத்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றையே வேறு மாதிரி எழுத வேண்டியதாயிற்று. ஒரு பைசா விலைக்கு வந்த தாள்! யாரோ சிலர் அதை எடைக்குப் போடவில்லை என்பதால் நமக்கு ஒரு பெரும் சிந்தனையாளர் திரும்பக் கிடைத்தார்.

இப்போது அம்புலிமாமாவை நினைத்துப் பாருங்கள். 1947இல் தொடங்கி, பல மொழிகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்த இதழ். கைமாறியது, கடைசியில் நின்றது. பழைய இதழ்களை ஏற்றி வைத்திருந்த அதன் இணையதளமும் புதுப்பிக்க ஆளில்லாமல் மறைந்தது. நிறுவனம் நொடித்தால் தளமும் போய்விடுகிறது. அட்டை கிழிந்த அம்புலிமாமா ஒன்று நம் ஊரில் ஏதாவது ஒரு பரணில் இன்றும் இருக்கும், யார் நொடித்தாலும் இருக்கும். அதை மின்வடிவமாக்கிக் காப்பதும் வேண்டும்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவை இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. 'நூலகம்' என்ற இணையதளம் ஈழத்து இதழ்களை அள்ளி வைத்திருக்கிறது. ஆனால் ஸ்கேன் செய்வதற்கும் முதலில் ஒரு தாள் வேண்டுமே!

இதழ் வாசகரிடம் போய்ச் சேரும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாரதியே சாட்சி. 1908இல் அவருடைய 'இந்தியா' இதழ் புதுச்சேரிக்குப் போனது. எழுத ஆள் இருந்தது, அச்சுக்கூடம் இருந்தது. வெள்ளையர் ஆட்சி தன் எல்லைக்குள் இதழ் வரக் கூடாது என்று தடுத்தது. 1910இல் இதழ் நின்றது. இன்று அப்படித் தடுப்பவர் யாருமில்லை. ஆனாலும் பதிவுப் புத்தக அஞ்சல் சேவை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டிருக்கிறது. சிறு பதிப்பாளருக்கும் சிற்றிதழ்காரருக்கும் மலிவாக இருந்த வழி அது. கூரியரில் அனுப்பினால் சில இதழ்களுக்கு விலையைவிடக் கூலி கூடிவிடுகிறது. இந்தக் கூட்டத்தின் முதல் தீர்மானமாக, அந்தச் சலுகை அஞ்சலை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுத வேண்டும் என முன்மொழிகிறேன்.

இரண்டாவது, நாம் கூடியிருக்கும் இந்த நூலகம் பற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது இந்த மாநிலத்தில், 1948இல். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. வரி நூறு ரூபாய் என்றால் நூலகத்துக்குப் பத்து ரூபாய். ஆகவே இங்கே என்ன இதழ் வருகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. கலைமகள் 1932இலிருந்து வருகிறது. காலச்சுவடு வருகிறது, உயிர்மை வருகிறது. நம் மாவட்டத்திலிருந்தே வரும் சிறு இதழ்களும் இருக்கின்றன. அவை இந்த மேசைக்கு வர வேண்டும். வந்தவை ஆண்டு முடிந்ததும் எடைக்குப் போகக் கூடாது. ஆண்டுக்கு ஒரு கட்டாகத் தைத்து அடுக்கி வைக்கலாம். பைண்டிங் செலவை வாசகர் வட்டம் ஏற்கட்டும். என் பங்கை இன்றே தருகிறேன்.

மூன்றாவது உங்களிடம் நேரடியாக. ஆளுக்கு ஓர் இதழ். எது என்பதை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். காமிக்ஸ் ஆனாலும் சரி, கவிதை ஆனாலும் சரி, விவசாயம் ஆனாலும் சரி. ஆண்டுச் சந்தா கட்டுங்கள். இலவசப் பிரதி கேட்காதீர்கள். தெரிந்தவர் நடத்துகிறார் என்றால் இரண்டு சந்தா கட்டுங்கள். பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சந்தா கட்டினால் போதும், சுற்றி வந்து எல்லோரும் படிக்கலாம்.

வாசலில் இருக்கும் மேசையில் மாதிரி இதழ்களையும் சந்தாப் படிவங்களையும் வைத்திருக்கிறோம். முகவரி எழுதும்போது பின்கோடை மறக்காமல் எழுதுங்கள், அது இல்லாமல்தான் பாதி இதழ்கள் வழியில் தங்கிவிடுகின்றன. கூட்டம் முடிந்து அரை மணி நேரம் நான் அங்கேயே இருப்பேன். எந்த இதழ் யாருக்குப் பொருந்தும் என்று கேட்க விரும்புகிறவர்கள் வாருங்கள்.