நண்பர் இல்லத் திருமணமும் நம் பயணமும்



பாலக்காட்டுக் காலனியில் வாழும் நமக்குத் தாய்மாமனும் சித்தப்பாவும் தொலைவில் உள்ளனர். பந்தக்கால் நடும்போது உடனிருப்பவர் அடுத்த வீட்டு நண்பரே. அவர் மாற்றலாகிச் சென்ற பின்னும் அவரில்லத் திருமணத்திற்குச் செல்லுதல் நம் கடன்.

மூணாற்றுத் தோட்டத்து அன்பர் சிலர் போடிமெட்டு வழியே இறங்கிப் போடிநாயக்கனூரில் மணம் நடத்துகின்றனர். நாம் பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் மார்க்கமாக மதுரை சென்று வண்டி மாறவேண்டும். அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற மதுரை–போடி வண்டி, 2023 ஜூனில்தான் மீண்டும் போடியை அடைந்தது. இடையில் நம்மில் பலர் மொய்ப் பணத்தை மட்டும் அனுப்பினோம். பந்தியில் இலை போடவும் பெண்ணழைப்பில் முன்நிற்கவும் ஆள் வேண்டாவா?

இப்போது வண்டி ஓடுகிறது. அழைப்பிதழ் வந்தவுடன் பயணச்சீட்டைப் பதிவு செய்துவிடுங்கள். முகூர்த்த நாட்களில் இடம் கிடைப்பது அரிது. இது அலுவலக அனுபவம்!